பொருளாதார ஆளை எப்போது கூப்பிட வேண்டும்: சுகாதாரப் பொருளாதார ஆய்வுக் குழுக்களில் கற்றவை

மருத்துவ ஆய்வுக் குழுக்களில் பொருளாதாரம் பார்க்கிற ஆளாகப் பல வருடங்களாக இருக்கிறேன். புதிதாக இந்தத் துறைக்கு வருகிற மாணவர்களும், முதல் முறையாக ஒரு பொருளாதார ஆளைக் குழுவில் சேர்க்க நினைக்கிற மருத்துவர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் மென்பொருளைப் பற்றித்தான். எக்செல் போதுமா, ஆர் என்ற நிரல்மொழியைக் கற்றுக்கொள்ள வேண்டுமா, நோயாளிகள் ஒவ்வொரு காலச் சுற்றிலும் எந்த உடல்நிலையில் இருப்பார்கள் என்று கணக்கிடும் மார்க்கோவ் மாதிரி (மாடல்) போட்டால் ஆய்விதழ் ஏற்றுக்கொள்ளுமா என்றெல்லாம். இதற்கெல்லாம் நல்ல பாடப்புத்தகங்கள் இருக்கின்றன, படித்துக்கொள்ளலாம். நான் பார்த்தவரை ஆய்வுகள் கெட்டுப்போவது அந்த இடத்தில் இல்லை. எதை எண்ணப் போகிறோம், யார் பெயர் எங்கே வரும், முடிவு பிடிக்காவிட்டால் யார் என்ன செய்யலாம் என்று தரவு வருவதற்கு முன்பே பேசி முடிக்காததில்தான் பெரும்பாலானவை கெடுகின்றன. அதனால் இங்கே எழுதுவதெல்லாம் அந்தப் பேச்சுகளைப் பற்றித்தான்.

எங்களுக்கு வருகிற மின்னஞ்சல்களில் மிக வழக்கமான ஒன்று இப்படி இருக்கும்: "கிளினிக்கல் டிரயல் முடிந்துவிட்டது, முடிவு நன்றாக வந்திருக்கிறது, ஒரு காஸ்ட் எஃபெக்டிவ்னஸ் மட்டும் போட்டுக் கொடுத்தால் போதும்." செலவுக்கேற்ற பலன் கிடைக்கிறதா என்ற கணக்கைத்தான் கேட்கிறார்கள். கோப்பைத் திறந்தால் நோயாளியின் ரத்த அழுத்தம் முதல் சிறுநீரக அளவுகள் வரை அத்தனையும் துல்லியமாக இருக்கும், கடைசியில் 'மொத்தச் செலவு' என்று ஒரே ஒரு நெடுவரிசை. அது மருத்துவமனை போட்ட பில் தொகை. பில் என்பது நோயாளியிடம் கேட்ட பணம், அந்தச் சிகிச்சைக்கு எத்தனை படுக்கை நாள், எத்தனை மணி நேர ஊழியர் உழைப்பு, எத்தனை பரிசோதனை கரைந்தது என்பது வேறு கணக்கு. சில இடங்களில் பில் உண்மைச் செலவைவிட மிக அதிகம், மானியம் பெறும் இடங்களில் மிகக் குறைவு. ஒரே தொகையாக வந்துவிட்டால் பின்னோக்கிப் பிரிக்க வழியே கிடையாது. புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1938இல், முதலாவது இந்தியப் புள்ளியியல் மாநாட்டின் தலைமையுரையில், சோதனை முடிந்த பிறகு புள்ளியியலாளரைக் கூப்பிடுவது பல நேரம் பிரேதப் பரிசோதனை செய்யச் சொல்வதுதான் என்றார். எங்கள் துறைக்கு அது இன்னும் கூடுதலாகப் பொருந்தும், ஏனென்றால் செலவுத் தரவு மருத்துவத் தரவைப் போல எந்தக் கோப்பிலும் தானாகச் சேர்வதில்லை.

எனவே மருத்துவ நண்பர்களுக்கு என் முதல் வேண்டுகோள், ஆய்வுத் திட்டம் எழுதும்போதே கூப்பிடுங்கள் என்பது. நிதி விண்ணப்பம் போன பிறகு என்றால் தாமதம். நோயாளிகளைச் சேர்க்கத் தொடங்கிய பிறகு என்றால் பாதி வேலை கைவிட்டுப்போனது. முன்கூட்டியே வந்தால் நாங்கள் கேட்பது ஒன்றும் பெரிதில்லை, படிவத்தில் ஒரு பக்கம். அதில் எண்ணிக்கைகள் மட்டும் இருக்க வேண்டும்: எத்தனை முறை வெளிநோயாளியாக வந்தார், எத்தனை இரவு தங்கினார், எந்த மாத்திரை எத்தனை நாள், கூட வந்தவர் எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை. ஒவ்வொன்றுக்கும் என்ன விலை என்பதைத் தனிப் பட்டியலாக, தனி மூலத்திலிருந்து நாங்கள் எடுத்துக்கொள்வோம். எண்ணிக்கையையும் விலையையும் பிரித்து வைப்பதில் பெரிய லாபம் இருக்கிறது. நாளை மருந்தின் விலை பாதியாகக் குறைந்தாலும், வேறு நாட்டில் ஒருவர் அதே ஆய்வைப் பயன்படுத்த நினைத்தாலும், விலைப் பட்டியலை மட்டும் மாற்றிப் போட்டால் போதும். ஒரே தொகையாக வந்த ஆய்வு அந்த வருடத்து விலையோடு முடிந்துபோகும்.

இன்னொரு வேண்டுகோள், வாழ்க்கைத் தரத்தை எப்போது அளப்பது என்பதைப் பற்றி. செலவோடு ஒப்பிடப் பெரும்பாலும் நாங்கள் பயன்படுத்துவது தரம் சேர்த்துக் கணக்கிட்ட ஆயுள் ஆண்டு, பேச்சில் குவாலி. முழு ஆரோக்கியத்தோடு ஓர் ஆண்டு வாழ்ந்தால் 1 குவாலி, 0.5 மதிப்புள்ள உடல்நிலையில் 2 ஆண்டு வாழ்ந்தாலும் 1 குவாலி. அந்த மதிப்பை எடுக்கப் பரவலாகப் பயன்படும் கேள்வித்தாள் ஈகியூ-5டி. நடமாட்டம், தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, வழக்கமான வேலைகள், வலி அல்லது அசௌகரியம், பதற்றம் அல்லது மனச்சோர்வு என்று ஐந்தே கேள்விகள்தான். பழைய வடிவத்தில் ஒவ்வொன்றுக்கும் 3 நிலைகள் என்பதால் 243 உடல்நிலைகள், புதிய வடிவத்தில் 5 நிலைகள், ஆகவே 3,125. ஒரு ஆய்வில் பாதிப் பேருக்குப் பழையது, பாதிப் பேருக்குப் புதியது என்று கொடுத்துவிட்டால் என்ன தலைவலி என்று பட்டவர்களுக்குத் தெரியும்.

அதைவிட முக்கியமானது, அந்தக் கேள்வித்தாள் கேட்பது 'இன்று' உங்கள் உடல்நிலை எப்படி என்பதை மட்டும். ஆஸ்துமா, ஒற்றைத் தலைவலி மாதிரி விட்டுவிட்டு வருகிற நோய்களில் இது பெரிய விஷயம். மூச்சுத் திணறி மூன்று இரவு தூங்காதவர், சரியான பிறகுதான் குறித்த தேதியில் பரிசோதனைக்கு வருவார், 'இன்று' நன்றாகத்தான் இருக்கிறேன் என்று டிக் போட்டுவிட்டுப் போவார். அந்த மூன்று இரவுகளும் தரவில் இல்லாமல் போய்விடும், திணறலைக் குறைத்த மருந்துக்குப் பலனே இல்லாததுபோல் கணக்கு வரும். இதை மருத்துவர் ஒருவரிடம் சொன்னபோது அவர் உடனே, "அப்படியானால் திணறல் வந்த அன்றைக்கே தொலைபேசியில் கேட்கலாமே, நோயாளிகள் எப்படியும் அன்றைக்கு எங்களைக் கூப்பிடுவார்கள்" என்றார். கேள்வித்தாள் எப்போது பொய் சொல்லும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது, நோயாளி எப்போது ஃபோன் செய்வார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தொலைபேசியில் கேட்பதற்கென்று தனி வடிவம் இருக்கிறது, அதற்கு முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். கூட்டு ஆய்வின் பலனைக் கேட்பவர்களுக்கு நான் இந்த உரையாடலைத்தான் சொல்வது.

அப்புறம் சுழி, அதாவது பூஜ்யம். செலவுத் தரவில் சுழியைப் போல ஏமாற்றுகிற எண் வேறில்லை. ஒரு குழுவில் சேர்ந்தபோது வெளிநோயாளிச் செலவு நெடுவரிசையில் சுழிகள் குவிந்து கிடந்தன, அந்த நோய்க்கு அது நம்பும்படியாக இல்லை. குழுவில் இருந்த மூத்தவர்கள் யாருக்கும் காரணம் தெரியவில்லை. தரவு பதிவு செய்கிற பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு படிவத்தை அவர் எப்படி ஏற்றுகிறார் என்று பார்த்தேன். நோயாளியிடம் அந்தக் கேள்வியைக் கேட்காமலே விட்ட படிவம் ஒன்று வந்தது, அவர் சுழியை அழுத்திவிட்டு அடுத்த பக்கம் போனார். ஏன் என்று கேட்டேன். "செலவே இல்லைன்னாலும் சைபர்தான், கேக்க மறந்துட்டாங்கன்னாலும் சைபர்தான் சார். காலியா விட்டா சிஸ்டம் அடுத்த பக்கத்துக்கே போகாது." அவர் சொன்னது முழுக்கச் சரி. படிவத்தை வடிவமைத்தவர்கள் அந்த வழியை மட்டும்தான் அவருக்கு விட்டுவைத்திருந்தார்கள். காகிதப் படிவங்கள் இருந்ததால் காப்பாற்ற முடிந்தது, இரண்டு வகைச் சுழிகளையும் உட்கார்ந்து பிரித்தோம். அதற்குப் பிறகு நான் சேருகிற எந்த ஆய்விலும் செலவுக் கேள்வி ஒவ்வொன்றும் இரண்டு படியாக இருக்கும். முதலில் 'போனீர்களா' என்ற கேள்வி, அதற்கு ஆம், இல்லை, கேட்கவில்லை என்று மூன்று பதில். ஆம் என்றால் மட்டும் எண்ணிக்கை. எந்தக் குழுவில் சேர்ந்தாலும் முதல் மாதத்திலேயே தரவு ஏற்றுகிறவரோடு அரை நாள் உட்காருங்கள், பேராசிரியரோடு உட்காருவதைவிட அதில் பயன் அதிகம்.

உண்மையான சுழிகள் பிரிந்த பிறகு அடுத்த சண்டை வரும், அது புள்ளியியலாளரோடு. செலவுத் தரவு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும்: நிறையப் பேருக்குக் கொஞ்சம் செலவு, தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த சிலருக்கு ஏராளமான செலவு. மருத்துவப் புள்ளியியலில் பழகியவர் இதைப் பார்த்ததும் நடுமதிப்பைப் போடலாம், அல்லது மடக்கை எடுத்து ஆராயலாம் என்பார். அவர் பயிற்சிப்படி அது சரியான யோசனைதான். ஆனால் பணம் கொடுக்கிறவருக்கு வேண்டியது மொத்தத் தொகை, மொத்தம் என்பது சராசரியை எண்ணிக்கையால் பெருக்கினால் வருவது, நடுமதிப்பைப் பெருக்கி எந்த பட்ஜெட்டும் போட முடியாது. அந்தச் சில பேரின் பெரிய செலவுதான் பல நேரம் ஆய்வின் முடிவையே தீர்மானிக்கிறது, அதை ஒதுக்கிவிட்டால் எதற்காகக் கணக்குப் போடுகிறோம்? மடக்கை எடுத்து ஆராய்ந்துவிட்டு அப்படியே திருப்பினாலும் சராசரி வராது, அதற்குத் தனித் திருத்தம் வேண்டும்.

இந்தச் சிக்கலுக்கு விடை கண்டதே ஒரு கூட்டு ஆய்வின் வழியாகத்தான் என்பதை மாணவர்களுக்குச் சொல்ல எனக்குப் பிடிக்கும். அமெரிக்காவில் 1974 முதல் 1982 வரை ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் நடத்திய காப்பீட்டுச் சோதனையில் சுமார் 2,750 குடும்பங்களை, 7,700 பேருக்கும் மேல், குலுக்கல் முறையில் வெவ்வேறு காப்பீட்டுத் திட்டங்களில் சேர்த்தார்கள். சிலருக்குச் சிகிச்சை முழுக்க இலவசம், மற்றவர்கள் ஒரு பங்கைத் தாங்களே கட்ட வேண்டும். பொருளாதார வல்லுநர் ஜோசப் நியூஹவுஸ் தலைமையில் மருத்துவர்களும் புள்ளியியலாளர்களும் ஒரே குழுவாக வேலை செய்தார்கள். சுழிகள் நிறைந்த, சாய்ந்த செலவுத் தரவைக் கையாள, செலவு இருந்ததா என்று முதலிலும் இருந்தால் எவ்வளவு என்று பிறகும் கணக்கிடும் இரண்டு பகுதி மாதிரியை அவர்கள் வளர்த்தெடுத்தார்கள், மடக்கையிலிருந்து சராசரிக்குத் திரும்பும் 'ஸ்மியரிங்' திருத்தத்தை அந்தக் குழுவைச் சேர்ந்த நைஹுவா டுவான் 1983இல் வெளியிட்டார். கைக்காசு கட்ட வேண்டியவர்கள் சிகிச்சையைக் குறைத்துக்கொண்டார்கள் என்பது பொருளாதார ஆட்கள் எதிர்பார்த்ததுதான். தேவையற்ற சிகிச்சையைக் குறைத்த அதே அளவுக்குத் தேவையான சிகிச்சையையும் குறைத்துக்கொண்டார்கள் என்பதுதான் அந்தச் சோதனையிலேயே கனமான முடிவு. எது பலன் தருகிற சிகிச்சை, எது இல்லை என்று பிரித்துச் சொல்ல மருத்துவர்கள் குழுவில் இல்லாமல் அதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. இப்போது சாய்ந்த தரவின் சராசரியை நேரடியாகக் கணக்கிடும் காமா பரவலோடு கூடிய பொதுமை நேரியல் மாதிரிகளும், கையில் உள்ள தரவிலிருந்தே திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கும் பூட்ஸ்ட்ராப் முறையும் கைக்கு எட்டுகின்றன, வேலை எளிது. சண்டை மட்டும் மாறவில்லை, அதனால் முதல் கூட்டத்திலேயே சராசரியைத்தான் தரப் போகிறோம் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டுவிடுங்கள்.

சரி, எல்லோரும் பேசக் கூச்சப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். யார் பெயர் எங்கே?

பொருளாதாரத்தில் ஆசிரியர் பெயர்களை அகரவரிசையில் போடுவது வெகுகால வழக்கம். மருத்துவத்தில் அதிகம் வேலை செய்தவர் முதலில், குழுவை வழிநடத்திய மூத்தவர் கடைசியில், நடுவில் இருப்பவர்களை அவ்வளவாக யாரும் கவனிப்பதில்லை. இரண்டு துறையும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதும்போது இரண்டு தரப்பும் தங்கள் வழக்கத்தையே இயல்பு என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடும், கட்டுரை அனுப்புகிற வாரத்தில் வெடிக்கும். அகரவரிசை பாரபட்சமற்றது என்றும் எண்ண வேண்டாம். லிரான் ஐனாவும் லீட் யாரிவும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், முன்னணிப் பொருளாதாரத் துறைகளில் குடும்பப் பெயரின் முதலெழுத்து முன்னால் வருகிறவர்களுக்கு நிரந்தரப் பதவி கிடைக்கும் வாய்ப்பு கூடுதலாக இருப்பதைக் காட்டினார்கள்.

இதை அழகாகக் கையாண்ட உதாரணம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் ஒரிகான் மாநிலம் 2008இல் ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டுக்கு இடம் குறைவாக இருந்ததால் குலுக்கல் நடத்தி ஆட்களைச் சேர்த்தது, அந்தக் குலுக்கலை ஆய்வாக மாற்றினார்கள். முதல் ஆண்டு முடிவு 2012இல் ஒரு பொருளாதார ஆய்விதழில் வந்தது, அதில் ஏமி ஃபிங்கெல்ஸ்டைன் முதல் பெயர், கேத்ரின் பெய்க்கர் கடைசிப் பெயர். உடல்நல அளவுகளைப் பற்றிய முடிவு 2013இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது, அதில் பெய்க்கர் முதலில், ஃபிங்கெல்ஸ்டைன் கடைசியில். ராண்ட் சோதனையை வழிநடத்திய நியூஹவுஸ் இரண்டிலும் இணையாசிரியர். ஒரே தரவிலிருந்து இரண்டு துறைக்கும் அந்தந்தத் துறை படிக்கிற மாதிரி கட்டுரைகள், வழிநடத்திய இருவருக்கும் முதல் இடமும் கடைசி இடமும் மாறி மாறி. உங்கள் குழுவில் இரண்டு தரப்பு இருந்தால் இரண்டு கட்டுரைக்குத் திட்டம் போடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். மருத்துவக் கட்டுரை சுமார் 3,000 சொற்களில் முடிய வேண்டும், பொருளாதாரக் கட்டுரை நாற்பது பக்கம் போகும், இரண்டையும் ஒன்றில் அடைக்கப் பார்த்தால் இரண்டு பக்கத்து வாசகருக்கும் திருப்தி இருக்காது.

இளையவர்கள் கூட்டத்தில் இதைக் கேட்கத் தயங்குவார்கள், ஆகவே மூத்தவர்கள்தான் எடுக்க வேண்டும். முதல் கூட்டத்தின் முடிவில் ஒரு பக்கத்தில் எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள்: என்னென்ன கட்டுரைகள், ஒவ்வொன்றிலும் முதல் பெயர் யார், கடைசிப் பெயர் யார், வேலை மாறினால் எப்போது மறுபடி பேசுவோம். மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு ஆசிரியராவதற்கு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது. ஆய்வு வடிவமைப்பிலோ தரவிலோ கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழு ஆய்வுக்கும் பொறுப்பேற்பது. பலர் இதை ஆட்களை வெளியே நிறுத்தப் பயன்படுத்துகிறார்கள், எனக்கு அதில் கடும் கோபம் உண்டு. முதல் நிபந்தனையை நிறைவு செய்தவருக்கு மற்றவற்றை நிறைவு செய்ய வாய்ப்புத் தர வேண்டும் என்று அதே குழு சொல்கிறது. தரவைத் திரட்டி, சுழிகளைப் பிரித்துக் கொடுத்தவருக்கு வரைவை அனுப்பிக் கருத்துக் கேட்டால் அவரும் ஆசிரியராகலாம், அனுப்பாமல் இருந்துவிட்டு 'அவர் எழுதவில்லையே' என்று சொல்வது நியாயம் இல்லை. யார் என்ன செய்தார்கள் என்பதை 14 வகையாகப் பிரித்துக் குறிக்கிற கிரெடிட் பட்டியலும் இருக்கிறது, ஆய்விதழ் கேட்காவிட்டாலும் உள்ளுக்குள் நிரப்பி வையுங்கள்.

முன்வரைவுகளைப் பற்றியும் ஒரு சொல். பொருளாதாரத்தில் வரைவைப் பல வருடங்கள் பொதுவில் வைத்து எல்லோரிடமும் திட்டு வாங்கித் திருத்துவது வழக்கம். மருத்துவத்தில் ஏற்கெனவே வெளியானதை ஏற்க மாட்டோம் என்கிற பழைய விதி பலரின் மனதில் இன்னும் இருக்கிறது. 2019இல் மருத்துவ முன்வரைவுகளுக்கான மெட்ஆர்க்கைவ் தளம் தொடங்கிய பிறகு நிலைமை நிறைய மாறிவிட்டது, இருந்தாலும் போக நினைக்கிற ஆய்விதழின் விதியைப் பார்த்துவிட்டு வரைவை ஏற்றுங்கள்.

ஆய்வுத் திட்டத்தை முன்கூட்டியே எழுதிப் பூட்டுவது இன்னொரு பழக்கம். மருத்துவ முடிவுகளுக்கு இதை எல்லோரும் செய்கிறார்கள், பொருளாதாரப் பகுதிக்கு மட்டும் 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று விடுகிறார்கள். ஆனால் எங்கள் கணக்கில்தான் இஷ்டத்துக்கு இழுக்க இடம் அதிகம். எதிர்காலச் செலவையும் பலனையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர ஆண்டுக்கு 3 சதவீதம் தள்ளுபடி செய்வதா 3.5 சதவீதமா, ஐந்து ஆண்டு பார்ப்பதா ஆயுள் முழுக்கவா, மருத்துவத் துறையின் செலவு மட்டுமா, நோயாளி பேருந்துக்குக் கொடுத்ததும் மகள் லீவு போட்டதும் சேருமா என்று ஒவ்வொன்றிலும் முடிவு நகரும். சுகாதாரச் செலவு-பலன் ஆய்வுக்கான அமெரிக்க நிபுணர் குழு 2016இல் தந்த பரிந்துரையில் மருத்துவத் துறைப் பார்வை, சமூகப் பார்வை இரண்டிலும் கணக்கிட்டுக் காட்டச் சொன்னது, எதைச் சேர்த்தோம், எதை விட்டோம் என்று ஓர் அட்டவணையும் கேட்டது. அந்த அட்டவணையைத் தொடக்கத்திலேயே காலியாக அச்சடித்துக் கூட்டத்தில் வைத்துப் பாருங்கள், குழுவில் ஒவ்வொருவரும் 'செலவு' என்று எதை நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கட்டுரையில் என்னென்ன எழுத வேண்டும் என்கிற சியர்ஸ் பட்டியல் 2013இல் 24 அம்சங்களோடு வந்தது, 2022இல் 28 ஆனது. முன்கூட்டிய பொருளாதார ஆய்வுத் திட்டம் இருந்ததா, அது எங்கே கிடைக்கும் என்பதும் இப்போது அதில் ஒன்று. கடைசி வாரத்தில் டிக் போடுகிற காகிதமாக வைத்துக்கொள்ளாமல் முதல் வாரத்திலேயே படித்துவிடுங்கள்.

மாதிரியைச் சரிபார்ப்பதை மாதிரி கட்டியவரிடமே விடக் கூடாது, இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. 2010இல் பொருளாதார வல்லுநர்கள் ரைன்ஹார்ட், ரோகாஃப் வெளியிட்ட அரசுக் கடன் பற்றிய கட்டுரை உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்பட்டது. 2013இல் தாமஸ் ஹெர்ண்டன் என்கிற பட்ட மேற்படிப்பு மாணவர் அவர்களுடைய எக்செல் கோப்பைக் கேட்டு வாங்கித் திறந்து பார்த்தார், சராசரி எடுக்கிற சூத்திரம் 5 நாடுகளை விட்டுவிட்டிருந்தது. கண்டுபிடித்த பிழைகளில் அது ஒன்று. எங்கள் மாதிரிகளும் அதே எக்செல்லில்தான் இருக்கின்றன. மாதிரியைக் கட்டாத ஒருவர் உட்கார்ந்து செய்ய வேண்டிய சோதனைகள் சில இருக்கின்றன, ஒரு பிற்பகல் போதும். இரண்டு சிகிச்சைக்கும் ஒரே பலனையும் ஒரே செலவையும் போடுங்கள், வித்தியாசம் சரியாகச் சுழி வர வேண்டும். இறப்பு வாய்ப்பை 1 ஆக்குங்கள், முதல் சுற்றிலேயே எல்லோரும் இறந்திருக்க வேண்டும், அதற்குப் பிறகும் எங்காவது மாத்திரைச் செலவு ஓடினால் அங்கே பிழை. ஒவ்வொரு வரிசையிலும் எல்லா நிலைகளின் கூட்டுத்தொகை 1 தானா என்று பாருங்கள். தள்ளுபடி வீதத்தைச் சுழியாக்கினால் செலவும் ஆயுளும் ஏற வேண்டும், இறங்கக் கூடாது. அதற்குப் பிறகு மருத்துவரைக் கூப்பிட்டு, மாதிரி சொல்கிறபடி பத்தாவது ஆண்டில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்பதை மட்டும் காட்டுங்கள். சூத்திரம் எதுவும் புரிய வேண்டியதில்லை, 'என் நோயாளிகள் இவ்வளவு காலம் இருப்பதில்லை' என்று அவர் சொன்னால் மாதிரியைத் திரும்பத் திறக்க வேண்டியதுதான்.

பணம் கொடுக்கிறவரோடு ஒப்பந்தம். வெளியிடும் உரிமை ஆய்வாளருக்கா நிறுவனத்துக்கா என்ற ஒரு வரியைக் கையெழுத்துக்கு முன் தேடுங்கள். வரைவைப் பார்க்க அவர்களுக்கு முப்பது நாளோ அறுபது நாளோ கொடுக்கலாம், தடுக்கிற உரிமையைக் கொடுக்க வேண்டாம். 2006இல் பிஎம்ஜே ஆய்விதழில் வந்த தொகுப்பாய்வு ஒன்று, தொழில்துறை நிதியில் நடந்த ஆய்வுகள் சாதகமான செலவு-பலன் விகிதங்களை (ஒரு கூடுதல் குவாலிக்கு ஆகும் கூடுதல் செலவு) தருவது அதிகம் என்று காட்டியது. இதை எல்லோரும் அறிவார்கள், ஆகவே ஒப்பந்தம் தெளிவாக இல்லையென்றால் நேர்மையாகச் செய்த கணக்கையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

பல நாட்டுக் குழுக்களில் வேறு வகைச் சிக்கல்கள். விலைகளை மாற்றும்போது எல்லாவற்றையும் நாணயச் சந்தை வீதத்தில் மாற்றக் கூடாது. இறக்குமதி செய்கிற கருவிக்கும் மருந்துக்கும் அந்த வீதம் பொருந்தும், உள்ளூர்ச் செவிலியரின் சம்பளத்துக்குப் பொருந்தாது. ஒரு நாட்டு மக்களிடம் எடுத்த ஈகியூ-5டி மதிப்புகளை இன்னொரு நாட்டுக்குப் போடும்போது காரணம் எழுத வேண்டும். ஓர் ஆரோக்கிய ஆயுள் ஆண்டைப் பெற, நாட்டின் தலா உள்நாட்டு உற்பத்தியைப் போல ஒன்று முதல் மூன்று மடங்கு வரை செலவானால் சரி என்கிற பழைய அளவுகோலை இன்னும் பலர் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள், அதை அப்படியே முடிவெடுக்கும் விதியாக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்தவர்களே 2016இல் எழுதிவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தரவு எந்த நாட்டில் திரண்டதோ அந்த நாட்டு ஆய்வாளர்களிடம் பகுப்பாய்வும் இருக்க வேண்டும். கோப்பை அனுப்பிவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவர்களாக அவர்களை வைத்திருக்கிற குழுக்களில் சேர அழைப்பு வந்தால் நான் முதலில் இதைக் கேட்பேன், பதில் சரியில்லை என்றால் சேருவதில்லை.

கடைசியாக முடிவை யாரிடம் சொல்கிறோம் என்பது. செலவுக்கேற்ற பலன் இருக்கிறது என்று காட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். எதிரே உட்கார்ந்திருக்கிற நிதி அதிகாரி கேட்கிற முதல் கேள்வி, அடுத்த வருடம் எனக்கு மொத்தம் எவ்வளவு ஆகும் என்பது. ஹெபடைடிஸ் சி நோய்க்கு சோஃபோஸ்புவிர் 2013 இறுதியில் வந்தபோது உலகம் பார்த்தது இதைத்தான்: குவாலி கணக்கில் நல்ல மருந்து, ஆனால் தகுதியுள்ள அத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் கொடுக்கப் பல அரசுகளிடம் பணம் இல்லை. பட்ஜெட் தாக்கம் என்பது தனிக் கணக்கு, குவாலி விகிதத்திலிருந்து அது வராது. எத்தனை பேர் தகுதி, முதல் ஆண்டில் அவர்களில் எத்தனை பேர் உண்மையில் எடுத்துக்கொள்வார்கள், இரண்டாம் ஆண்டில் எத்தனை, எந்தப் பழைய சிகிச்சை நிற்கும், அதனால் எவ்வளவு மிச்சம் என்று ஒன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு, தள்ளுபடி இல்லாமல், ஆண்டு வாரியாகப் போட வேண்டும். எடுத்துக்கொள்வோர் எண்ணிக்கையை எங்களால் ஊகிக்க முடியாது, மருந்தை எழுதிக் கொடுக்கிற மருத்துவரும் அதைக் கிடங்கில் வாங்கி வைக்கிறவரும்தான் சொல்ல முடியும். ஆகவே இதற்கான கூட்டத்தை முதன்மைக் கட்டுரை மதிப்பாய்வில் இருக்கும்போதே வைத்துவிடுங்கள், கட்டுரை வெளியாகிற நாளில் அந்த ஆண்டு வாரி அட்டவணையும் தயாராக இருக்கும்.